அடிநாதத்தை விழுங்காத பெட்டி

பெருமதிப்பிற்கும் அதில் பாதியளவு பயத்திற்கும் உரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் உடலளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் இரண்டு முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் தொலைபேசியில், “மாப்ளே, என் தங்கச்சி குரலே சரியில்லையே, என்ன பண்ணி வெச்சீங்க?” என்று கேட்டீர்கள். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால், “இங்க நல்ல மழை மச்சான்” என்று சொல்லித் தப்பித்தேன். மழையெல்லாம் ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நடந்ததை இப்போது எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன், அது ஒரு சின்னப் பொய். அந்தப் பொய்யை நீங்கள் தடுமாறாமல் சொல்ல வேண்டுமானால் முழுக்கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் வழக்கம்போல முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் மருமகள், அதாவது எங்கள் பெண், வேலைக்காக வெளியூர் போனபோது, அடித்தொனி மட்டும் வாசிக்கிற தன் பேஸ் கிட்டாரை இங்கேயே விட்டுவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். நான்கே கம்பிகள்தான் இருந்தன. மீதி இரண்டு தொலைந்துவிட்டன போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். உங்கள் தங்கை மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தூசி தட்டுகிறேன் என்று அதைக் கையில் எடுத்தாள், பிறகு கீழே வைக்கவே இல்லை. முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு விரல், பிறகு ஒரு நாள் பல் டாக்டரிடம் பல் காட்டப் போன இடத்தில், வாயைத் திறந்துவைத்தபடியே அவரும் கிட்டார் வாசிப்பவர் என்று கண்டுபிடித்து, திரும்பி வரும்போது ஓர் இசைக்குழுவில் உறுப்பினராகவே வந்துவிட்டாள். குழு கூடுவது டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில். டாக்டர் கிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் டிரம்ஸ். அவர் எந்தப் பாட்டிலும் முடிவு வருவதற்குச் சற்று முன்னாலேயே பிரேக் போட்டுவிடுவார், தொழில் தோஷம். கீபோர்டுக்கு ஒருவர் இருந்தார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து அவர் போய்விட்டார், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. ஏனென்றால் அதற்கு முன்பே, நகர நூலகத்தின் ஆண்டு விழாவில் வாசிப்பதாக இவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வருடம் முழுக்கச் சத்தம் போடாதே என்று சொல்கிற இடத்தில் ஒரு நாள் சத்தம் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உங்கள் தங்கைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று பேராக வாசித்ததை டாக்டர் கைபேசியில் பதிவு செய்து அனுப்பியிருந்தார். உங்கள் தங்கை சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டாள். நானும் கேட்டேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் பாட்டு முடிகிறவரைக்கும் அடுப்பை அணைத்துவைத்துக் கேட்டுவிட்டு, “நடுவுல காலியா இருக்குங்க. சாமான் எல்லாம் எடுத்த வீடு மாதிரி இருக்கு. என் சத்தம் ஒத்தையா அலையுது” என்றாள். அப்புறம் கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மச்சான், அவள் வாசிக்கிறபோது எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் மெல்ல நடுங்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது நின்ற பிறகுதான் வீடு இவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அவள் குறுக்கெழுத்துப் போடுவாள், நான் ஜன்னலைத் திறப்பேன், கொஞ்ச நேரம் கழித்து மூடுவேன். இரண்டு பேருக்கும் அதுதான் அன்றைய நிகழ்ச்சி.

டாக்டரிடம் ரகசியமாகப் போன் செய்து கேட்டேன். “பேஸ்ல கொஞ்சம் கோரஸ் போட்டா நிறைஞ்சு கேக்கும் சார், ஒரு நல்ல கோரஸ் பெடல் இருந்தா போதும்” என்றார். கோரஸ் என்றால் கூட்டமாகப் பாடுவது என்பது எனக்குத் தெரியாதா? என்னோடு குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர்களில் நன்றாகப் பாடக்கூடிய மூன்று பேரை நூலகத்துக்கு அழைத்துவருகிறேன் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது ஆள் இல்லைங்க, காலால மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து வாய்ப்பாடு சொல்றாங்க இல்ல? ஒருத்தன் கொஞ்சம் பிந்துவான், ஒருத்தன் சுருதி கொஞ்சம் ஏத்துவான், ஒருத்தன் இறக்குவான். அதனாலதானே அது கூட்டமா கேக்குது? இந்தப் பெட்டி என் ஒரு சத்தத்தை எடுத்து, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் ஆட்டி, அதையே என் பக்கத்துல நிக்க வெச்சிடும்” என்றாள். அவ்வளவுதானே, இதற்கா கட்டிலுக்கு அடியில் தள்ளினாய் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

இங்கே என் காதைப் பற்றி ஒரு வார்த்தை. பணியில் இருந்த காலமெல்லாம், தெருவுக்கு அடியில் போகிற குழாயில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி அதில் காதை வைத்துக் கண்டுபிடித்தவன் நான். பேருந்து போகிற சத்தத்துக்கு அடியிலும் கசிவைக் கேட்பேன். இந்தக் காதுக்கு ஒரு பெடலா பெரிது என்ற திமிரோடுதான் உள்ளே நுழைந்தேன். கடையில் தாடிக்காரர் ஒருவர், தன் கிட்டாரை ஒரு நீலப் பெட்டியில் செருகி, காலால் மிதித்து, ஒரு மீட்டு மீட்டினார். மச்சான், என்னை மன்னிக்க வேண்டும். நான் சட்டென்று மண்டியிட்டு அவர் மேஜைக்கு அடியில் பார்த்தேன். “எங்கயோ குழாய் விட்டிருக்கு தம்பி, மெயினை மூடுங்க” என்று கத்தியேவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாடிக்காரர் பொறுமையாக, “அதுதான் சார் கோரஸ். தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரிதான் இருக்கும்” என்றார். வாழ்நாள் முழுக்க எதை அடைத்தேனோ அதையே பெட்டியில் போட்டு விற்கிறார்கள்! அந்த வெட்கத்தில் வேறு எதையும் கேட்காமல் நீலப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உங்கள் தங்கை ஆசையோடுதான் கிட்டாரை வெளியே எடுத்தாள். பெட்டியை மிதிக்காமல் மீட்டினாள், டம்ளர்கள் நடுங்கின. மிதித்து மீட்டினாள், டம்ளர்கள் நின்றுவிட்டன. மறுபடி மிதித்தாள், நடுங்கின. “என்னங்க இது, மேல பளபளன்னு இருக்கு, அடிச்சத்தத்தைக் காணோமே” என்றாள். அது சாதாரணக் கிட்டாருக்காகச் செய்த பெட்டியாம். பேஸின் அடிநாதத்தைக் கண்டால் அதுவே விழுங்கிவிடுமாம். வீட்டுக்கு நல்ல வண்ணம் அடித்துவிட்டு அஸ்திவாரத்தை உருவிக்கொண்டு போன மாதிரி. “பரவாயில்லைங்க, ஆசையா வாங்கினீங்க” என்று சொல்லிக் கிட்டாரை உறையில் போட்டாள். அந்தப் ‘பரவாயில்லை’தான் என்னைக் கொன்றது.

உடனே இரண்டாவது பெட்டிக்கு இணையத்தில் இறங்கினேன். அங்கே ஆளாளுக்கு ஒரு பெட்டியைப் புகழ்ந்து, அடுத்தவன் காதைக் கேவலமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ‘பேஸுக்கு மட்டும்’ என்று பெட்டியின் நெற்றியிலேயே எழுதியிருந்த ஒன்றை வரவழைத்தேன். மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் சோப்புப் பெட்டி எடை. இதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் அதோடு வரவில்லை. எங்கள் வீட்டுப் பழைய கம்பியில்லாத் தொலைபேசியின் அடாப்டர் முனை அச்சாக அதில் பொருந்தியது. பொருந்தினால் போதும் என்பது குழாய் வேலையில் சரி. இதில் மின்சாரத்தின் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டுமாம், கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருக்கக் கூடாதாம். உங்கள் தங்கை முதல் மீட்டு மீட்டியபோது, அடிநாதம் இருந்தது, அலையும் இருந்தது, கூடவே கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஓர் இரைச்சலும் இருந்தது. இரண்டாவது மீட்டில் இரைச்சல் மட்டும் இருந்தது. மூன்றாவது மீட்டில் புகை. நான் அவசரத்தில் பூச்சாடித் தண்ணீரைத் தூக்கி ஊற்றப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் பெட்டியில் விழவில்லை. அவள்மேல் விழுந்தது.

தலையிலிருந்து பூவிதழ் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, சத்தமே போடாமல் சொன்னாள்: “இனிமே இந்த வீட்டுக்குள்ள இன்னொரு பெட்டி வரக் கூடாது. எனக்குக் கோரஸும் வேண்டாம், பேஸும் வேண்டாம்.” அப்படியே டாக்டருக்குப் போன் போட்டு, நூலகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் ஏதோ கெஞ்சினார். இவள், “கை வலிக்குது டாக்டர்” என்றாள். மச்சான், கை வலியெல்லாம் இல்லை. அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகியிருப்போம். எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடக்கிறது. இது அப்படியில்லை. நீங்கள் தொலைபேசியில் கேட்ட குரல் இதற்கு மறுநாள் குரல்.

அதற்கப்புறம் நான் திருந்தினேன். டாக்டரின் நாற்காலியில் பல்லைக் காட்டுகிற சாக்கில் உட்கார்ந்து, ஒழுங்காக விசாரித்தேன். (போன இடத்தில் ஒரு பல்லை அவர் உண்மையாகவே பிடுங்கிவிட்டார், அது தனிக் கதை.) பிறகு உங்கள் தங்கை கண் பரிசோதனைக்குப் போன ஒரு நாளில், கட்டிலுக்கு அடியில் இருந்து கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் என் பழைய இரும்புக் கோலோடு, பேருந்தில் ஏறி ஊரின் மறுகோடியில் இருக்கிற பெரிய கடைக்குப் போனேன். வழியெல்லாம் கிட்டாரின் கழுத்து யார் யார் தலையிலோ இடித்தது. ஒருவர், “என்ன சார், இந்த வயசுல கச்சேரியா?” என்றார். “எனக்கில்லை, வீட்டுக்காரிக்கு” என்றேன். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

கடைக்கார அம்மா கெட்டிக்காரி. “வீட்டம்மா வாசிக்கிற அதே கிட்டாரையே கொண்டுவந்தீங்களே, அதுதான் சரி” என்று சொல்லி, பேஸுக்கு ஏற்றதாக இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டுமே கனமான உலோகப் பெட்டிகள். மிதித்தால் உடையாது, மிதிக்கும்போது ‘டொப்’ என்று ஸ்பீக்கரில் கேட்காது, அணைத்துவைத்தால் கிட்டாரின் சொந்தக் குரலைக் கெடுக்காது. அதற்கு மேல் எது நல்லது என்று கேட்டால், “ரெண்டுமே நல்லதுதான் சார், அவங்கவங்க காது” என்றுவிட்டார். என் காது ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற காது. ஆகவே அதை நம்பவில்லை. அவரை மீட்டச் சொல்லிவிட்டு, கோலின் ஒரு முனையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தேன். கடைக்கார அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டார். “டாக்டரா சார் நீங்க?” என்று கேட்டார். “இல்லைம்மா, குடிநீர் வாரியம். நீங்க வாசிங்க” என்றேன்.

கறுப்பை மிதித்ததும் கோலில் வந்துகொண்டிருந்த அடித்துடிப்பு ஒரு சுற்று இளைத்தது. காதுக்கு அது தெரியவில்லை, கோலுக்குத் தெரிந்தது. பச்சையை மிதித்தபோது துடிப்பு மிதிப்பதற்கு முன் இருந்தபடியே நின்றது, மேலே மட்டும் மெல்ல அலை ஆடியது. அந்த அம்மாவும் கோலில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமா சார்!” என்றார். பிறகு கடையில் கிட்டார் வாங்க வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று காதை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் அந்தக் கோல் என்ன விலை என்று விசாரித்தார். பச்சையில் இன்னொரு வசதி, கலவைத் திருகு ஒன்று இருக்கிறது. மூலச் சத்தம் எவ்வளவு, பக்கத்தில் நிற்கிற சத்தம் எவ்வளவு என்று நாமே வைத்துக்கொள்ளலாம். திருகைப் பாதிக்குக் கீழே வைத்து, அலையின் வேகத்தையும் குறைத்து அந்த அம்மா ஒரு மெட்டு வாசித்தார். மச்சான், எனக்கு இசை தெரியாது. ஆனால் ஒருவர் வாசிக்கிறபோது பக்கத்தில் இன்னொருவர் வந்து நிற்பது தெரிந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அந்த அம்மா பார்த்துவிட, பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சரியான அடாப்டரோடு வாங்கி வந்துவிட்டேன். இப்போது அது துணி அலமாரிக்கு மேல், என் பழைய செருப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் இருந்தபடியே வைத்துவிட்டேன். ஆனால் இதை நான் கொடுக்க முடியாது. நான் கொடுத்தால் மூன்றாவது பெட்டி. பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள், பூச்சாடியைத்தான் பார்ப்பாள். நீங்கள் கொடுத்தால் அது அண்ணன் சீர். கல்லூரியில் நீங்கள் ஒரு வருடம் கிட்டார் வாசித்ததை அவள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள். உங்கள் காதின்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. ஆகவே, நூலக விழாவுக்குச் சில நாள் முன்னாலேயே கிளம்பி வாருங்கள், டாக்டர் இன்னும் வேறு ஆள் பார்க்கவில்லை. வந்ததும் நான் வாசலிலேயே பெட்டியை உங்கள் பைக்குள் போட்டுவிடுகிறேன். நீங்களே தேடி எடுத்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அவள் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டாள், குறுக்கு விசாரணை செய்வாள். “ஏண்ணா பச்சை?” என்றால் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள், “அடிநாதத்தைத் தொடாம விட்டுடும், மேல மட்டும்தான் அலை” என்று சொல்லுங்கள். “கலவை எவ்வளவு வைக்கணும்?” என்றால், “பாதிக்குக் கீழ, மெதுவா, ஜாஸ்தி வெச்சா தலை சுத்தும்” என்று சொல்லுங்கள். வேறு ஏதாவது கேட்டால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். தயவுசெய்து குழாய், கசிவு, கோல் என்கிற எந்த வார்த்தையும் உங்கள் வாயில் வரக் கூடாது. உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். குடும்பத்தில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், அவரவர் சொந்தப் பற்களோடும் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தால், நீங்கள். தங்கை குரல் சரியில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறி வந்திருக்கிறீர்கள். அதுவும் அந்த முழங்காலோடு. அதுவும் கையில் ஒரு பெட்டியோடு. “மழைன்னு சொன்னீங்களே மாப்ளே” என்று குடையை என்னிடம் நீட்டிவிட்டு, அவளைப் பார்த்து, “இந்தா, அண்ணன் கடை கடையா ஏறி உனக்காகத் தேடி எடுத்தது” என்றீர்கள். அவள் பிரித்தாள். நான் முதலில் வாங்கினேனே, அதே நீலப் பெட்டி. அச்சு அசல்.

நீங்கள் இப்போது கூடத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உள்ளறையில் இதை எழுதுகிறேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரைத் தானாகவே இழுத்து எடுத்துக்கொண்டு போய் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறாள். என் இரண்டு பெட்டிகளும் ஒரு பல்லும் சாதிக்காததை நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சாதித்துவிட்டீர்கள். பெட்டி வேலையைக் காட்டுகிறது, டம்ளர் ஒன்றுகூட அசையவில்லை. நீங்கள் கண்ணை மூடித் தலையாட்டுகிறீர்கள். “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டீர்கள். “இந்த மாதிரி கேட்டதே இல்லைண்ணா” என்றாள். அது உண்மைதான் என்று சொல்ல முடியாது. நான் வாங்கிவந்த நீலப் பெட்டியில் கேட்டிருக்கிறாள்.

இப்போதுதான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்: “டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், வாசிக்கிறேன்னு சொல்லிட்டேன். ஆனா அண்ணன் மனசு நோகக் கூடாதுங்க. விழா அன்னிக்கு இந்த நீலப் பெட்டி என் காலுக்கு முன்னால சும்மா இருக்கட்டும். பின்னால மறைவா வேற ஒண்ணு வெச்சுக்கலாம். அடிச்சத்தத்தை விழுங்காததா, கனமானதா, நல்லதா ஒண்ணு பாருங்க. உங்களுக்குத்தான் இப்ப இதெல்லாம் அத்துப்படி ஆயிடுச்சே. நீங்களே போய்த் தேடி எடுத்துட்டு வாங்க.”

ஆகவே மச்சான், மேலே கேட்ட உதவி வேண்டாம், பொய் வேண்டாம், இந்தக் கடிதமும் உங்களுக்கு வரப்போவதில்லை. நாளைக் காலையில் நான் கோரஸ் பெடல் தேடிக் கிளம்புகிறேன். சாயங்காலம்வரை அந்தச் செருப்புப் பெட்டியும் கையுமாக எங்கே போய் உட்கார்ந்திருப்பது என்றுதான் தெரியவில்லை.